சும்மா தண்ணீரில் வைத்தால் போதுமாம்!

“பெட்டியைச் சும்மா தண்ணீரில் வைங்க, மண்ணை அள்ளிப் போடுங்க, மீதியைத் தண்ணீர் பார்த்துக்கும்.” ஓடை மண்ணைத் தண்ணீரோடு ஓடவிட்டுத் தங்கம் அரிக்கிற ஸ்லூஸ் பெட்டியைப் பற்றி இன்னொரு தடவை யாராவது இதை என்னிடம் சொன்னால் எனக்கு ரத்தக் கொதிப்பு எகிறிவிடும். எந்தத் தண்ணீர் ஐயா பார்த்துக்கும்? கணுக்கால்கூட முழுசாக நனையாத ஓடையில், போகலாமா வேண்டாமா என்று நகர்கிறதே, அந்தத் தண்ணீரா?

சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு தங்கம் அரிக்கிற பேச்சு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: தெரியும், புக்கித் தீமாவில் வெட்டி எடுத்தது கருங்கல், தங்கம் இல்லை. லீவு கிடைக்கும்போது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து மெல்பர்ன் போய், பாலரட், பெண்டிகோ பக்கத்து ஓடைகளில் குனிந்து நிற்கிற சின்னக் கூட்டம் நாங்கள். பக்கத்திலேயே மலேசியாவின் பஹாங்கில் தங்கச் சுரங்க ஊர் ராவுப் இருக்கிறதே என்பார்கள். அங்கே பூமிக்குள் இருப்பது மாநில அரசின் சொத்து, அனுமதி இல்லாமல் மண்வெட்டியோடு போய் நிற்க முடியாது. விக்டோரியாவில் ‘மைனர்ஸ் ரைட்’ என்கிற தங்கம் தேடும் அனுமதிச் சீட்டு ஒன்று வாங்கினால் 10 வருடத்துக்குச் செல்லும். லைசென்ஸ் கட்டணக் கொடுமையை எதிர்த்து 1854இல் பாலரட்டின் யுரேகாவில் சுரங்கக்காரர்கள் சண்டை போட்டுச் செத்தார்களே, அதற்கு அடுத்த வருடம் வந்த உரிமை அது. இயந்திரம் வைத்துத் தோண்டக்கூடாது, கைக்கருவி மட்டும்தான், தோண்டிய குழியை மூடிவிட்டு வர வேண்டும். எல்லாம் நியாயம். விதிகளின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. “சிராங்கூன் ரோட்டில் நகைக்கடைக்கா பஞ்சம்?” என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்கிற சித்தப்பா மேலும் கோபமில்லை. என் எரிச்சலெல்லாம் அந்தப் பெட்டியை விற்கிறவர்கள் மேலும், அதை வைத்து வீடியோ போடுகிறவர்கள் மேலும்தான்.

கணக்கைப் பாருங்கள். “எந்த ஓடைக்கும் ஏற்றது” என்று நம் தலையில் கட்டுகிற ஸ்லூஸ் பெட்டி பத்து அங்குல அகலம், மூன்றடி நீளம். உள்ளே இருக்கிற குறுக்குத் தடுப்புகளுக்கு மேலே தண்ணீர் குறைந்தது இரண்டு அங்குல உயரத்துக்கு ஓட வேண்டும். நொடிக்கு இரண்டடி வேகமாவது வேண்டும். பெருக்கினால் நொடிக்குக் கிட்டத்தட்ட 8 லிட்டர் வருகிறது. நம் வீவக அடுக்குமாடி வீட்டுக் குழாயைத் திறந்துவிட்டால் ஒரு நிமிடம் முழுக்க ஓடினால்தான் ஏறக்குறைய அவ்வளவு தண்ணீர் கிடைக்கும். அப்படியானால் அறுபது குழாயை ஒரே நேரத்தில் திறந்துவிட்ட மாதிரி ஓடை வேண்டும். பிள்ளைகளுக்கு நீண்ட லீவு வருவது டிசம்பரில். அங்கே அது கோடை, ஓடை மெலிந்து கிடக்கும். ஜூனில் போனால் தண்ணீர் இருக்கும், கை விறைத்து மண்வெட்டியைப் பிடிக்க வராது. அட்டையில் இதில் ஒரு வரியாவது போட்டிருக்கிறானா?

வேகம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எவரும் சொல்வதில்லை. தங்கத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல 19.3 மடங்கு. சாதாரண வெள்ளை மணல் 2.65. நடுவில் கருமணல், 5 சொச்சம். ஒவ்வொரு தடுப்புக்கும் பின்னால் தண்ணீர் சுழல வேண்டும். அந்தச் சுழல் மணலைக் கிளப்பி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், கனமானது மட்டும் அடியில் தங்கும். சூட்சுமம் மொத்தமும் இதுதான். தண்ணீர் சோம்பலாக ஓடினால் சுழல் செத்துப்போகும். மணல் தடுப்புகளுக்கு நடுவே சிமெண்டு போல இறுகிவிடும். அப்புறம் வருகிற பொடித் தங்கம் அந்த மணல் மேலேயே வழுக்கிக்கொண்டு வெளியே போய்விடும். நாம் மட்டும் குனிந்து குனிந்து மண்ணைக் கொட்டிக்கொண்டிருப்போம்.

சரி, சாய்வைக் கூட்டினால் வேகம் வருமே என்று அடுத்த அறிவுரை வரும். அடிக்கு ஒரு அங்குலம் இறக்கம், மூன்றடிப் பெட்டிக்கு மூன்று அங்குலம். கேட்கச் சரிதான். சின்ன ஓடையில் அதைச் செய்து பார்த்திருக்கிறீர்களா? பெட்டியின் தலைப்பக்கத்தைக் கல் வைத்து மூன்று அங்குலம் தூக்கிய அந்த நொடியே தண்ணீர் பெட்டிக்குள் வருவதை விட்டுவிட்டு அடியில் புகுந்து போகும். ரசமட்டம் வைத்து நாம் அழகாகச் சாய்வு பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே ஒரு சொட்டு இருக்காது.

அதனால் முதல் வேலை அணை கட்டுவது. இரண்டு பக்கமும் கல்லை அடுக்கி, வாய் அகலமாகத் தொடங்கிப் பெட்டியில் குறுகி முடிகிற மாதிரி. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சரளை. சரளைக்கு நடுவே களிமண். பெட்டியின் அடியில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் ஓரத்தில் மறுபடியும் கல். இடுப்பு ஒடிந்துவிடும். “அண்ணே, இந்தப் பக்கம் இன்னும் கசியுதுண்ணே” என்று தம்பி ஒருவன் காட்டுவான். அதை அடைத்தால் எதிர்ப்பக்கம் கசியும். எல்லாம் அடைத்து, தண்ணீர் மெதுவாக ஏறி, பெட்டியின் உதட்டைத் தொட்டு உள்ளே வழியும்போது பார்த்தால், பத்து அங்குல அகலத்துக்கும் பரந்து, அரை அங்குலத் தாள் மாதிரி ஒரு படலம். தடுப்பின் தலையே நனையவில்லை! அந்த நேரம் பார்த்து யார் வீட்டுப் பிள்ளையாவது அணை மேல் காலை வைக்கும்.

வீடியோக்காரர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். தொடை ஆழத் தண்ணீர், இரண்டு பெரிய பாறை, நடுவே இயற்கையாகவே ஒரு சரிவு. அங்கே பழைய தகரக் கூரையைப் போட்டாலும் வேலை செய்யும். அவர் திறமை என்ன அதில்?

சின்ன ஓடைக்குத் தேவை சின்னப் பெட்டி. அவ்வளவுதான் விஷயம். ஐந்து அங்குல அகலத்துக்குக் குறுக்கினால் இருக்கிற தண்ணீரே உயரும், வேகமும் பிடிக்கும், நொடிக்கு நாலு லிட்டரில் காரியம் நடக்கும். ஆனால் கடையில் கேட்டால் “அது ஆரம்பநிலைக்கு சார், பெரிசு வாங்குங்க, நிறைய மண் தள்ளலாம்” என்பார்கள். யார் தள்ளப்போவது? அரை அங்குலச் சல்லடையில் சலித்து, கைக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால்தான் தடுப்பு மூச்சுவிடும். வாளி வாளியாகக் கொட்டினால் எந்தப் பெட்டியும் திணறும்.

வீட்டிலேயே பழகிப் பார்க்கலாம் என்றால் இந்த ஊரில் இடம் எங்கே? மழைநீர்க் கால்வாயில் இறங்கக்கூடாது, ஒரு மழைக்கு மளமளவென்று ஏறிவிடும். “பீஷான் பார்க்கில் ஆறு ஓடுதே” என்றார் ஒரு அக்கா. கான்கிரீட் கால்வாயை உடைத்து 2012இல் இயற்கை ஆறாக மாற்றிய இடம் அது. அங்கே போய் நான் கல் அடுக்கி அணை கட்ட வேண்டுமாம், நீர்நாய்க் குடும்பம் வேடிக்கை பார்க்க! கடைசியில் குளியலறையில் தொட்டியும் மீன்தொட்டி பம்பும்தான். மணிக்கு 3,000 லிட்டர் என்று பெருமையாகப் போட்டிருக்கும், வகுத்தால் நொடிக்கு ஒரு லிட்டர்கூடத் தேறாது. அதிலும் மண் போட்டுப் பழகினால் வேறு தலைவலி. ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது மண் ஒட்டிய பொருள், ஆற்றில் குளத்தில் பயன்படுத்திய பொருள் எல்லாவற்றையும் படிவத்தில் சொல்லியாக வேண்டும். பெட்டி விரிப்பின் இடுக்கில் இருக்கிற ஒவ்வொரு துகளையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தோண்டி எடுக்கிறேன், வீட்டுக்காரி குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள்.

அகலம் குறைந்த பெட்டி கிடைக்குமா, இதை மாற்றித் தர முடியுமா என்று விற்றவருக்கு எழுதினேன். பதில் வந்தது: “தண்ணீர் அதிகமுள்ள ஓடைக்குப் போய்ப் பாருங்கள்.” அப்படியா? அப்படியென்றால் “எந்த ஓடைக்கும் ஏற்றது” என்ற வரியை அட்டையிலிருந்து முதலில் கிழித்துப் போடுங்கள் ஐயா.