ஐந்தாம் வகுப்புப் புத்தகம் ஜூன் வரைக்கும் பரண் மேலயே இருக்கட்டும்

"லீவு விட்டாச்சே, பிள்ளைய எதுல சேர்த்திருக்கீங்க?" பத்து நாளாக என்னிடம் இதைக் கேட்காத ஆள் இல்லை. எதிலும் சேர்க்கவில்லை. யோசித்துத்தான் சேர்க்கவில்லை.

போன வருஷம் சேர்த்தேன். மூணாவது முடித்த கையோடு நாலாவது கணக்கைச் சொல்லித் தரும் வகுப்பு. இரண்டாவது வாரமே பையைப் பார்த்தால் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தாள். ஜூனில் டீச்சர் அதே கணக்கை நடத்தியபோது "இது தெரியும்" என்று கவனிக்கவுமில்லை, போடச் சொன்னால் வரவுமில்லை. பிள்ளைக்குக் கணக்கே கசந்துபோனது.

இந்த வருஷம் ஊரிலிருந்து அப்பத்தா வந்திருக்கிறார். வந்த மூன்றாம் நாள் அவரும் என் மகளும் கூழ் வத்தல் போட உட்கார்ந்தார்கள்.

"தண்ணி எம்புட்டு அப்பத்தா?"

"மாவு ஒண்ணுன்னா தண்ணி நாலு தாயி."

"அப்ப மூணு டம்ளருக்குப் பன்னெண்டு."

மொட்டைமாடியில் ஈர வேட்டியை விரித்து, கரண்டி கரண்டியாக ஊற்றினாள். வரிசைக்குப் பதினாறு, ஒன்பது வரிசை. மொத்தம் எத்தனை என்று தரையில் கரித்துண்டால் எழுதிப் பார்த்து 144 என்றாள். காக்கா இரண்டைக் கொத்திக்கொண்டு போனதும் அதையும் கழித்தாள். யாரும் கேட்கவில்லை, அவளாகத்தான் செய்தாள். சாயங்காலம் வத்தல் பாதியாகச் சுருங்கிக் கிடந்தது. "இதுல இருந்த தண்ணி எங்கம்மா போச்சு?" நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் இரண்டு தட்டில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, ஒன்றை வெயிலிலும் ஒன்றை மாடிப்படிக்குக் கீழேயும் வைக்கச் சொன்னேன். மணிக்கொரு தரம் ஓடி ஓடிப் பார்த்தாள்.

மத்தியானம் பல்லாங்குழி. 14 குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, ஆக 70. ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது பசு, குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். முதலில் கை போன குழியில் எடுத்தவள், இப்போது எங்கே எடுத்தால் எங்கே போய் முடியும் என்று கண்ணாலேயே எண்ணிவிட்டுத்தான் கை வைக்கிறாள். நத்தம் ரோட்டில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் போய்வருகிறோம். மதுரைக்காரர்கள் சிறுவர் பகுதியை ஒருமுறையாவது பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள். எந்தப் புத்தகம் என்பதை அவர்களே எடுக்கட்டும்.

இதெல்லாம் வீட்டில் ஆள் இருந்தால் சரி. காலையில் வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்பும் அம்மாவின் பிள்ளை என்ன செய்யும்? என் மனசை அறுக்கிற கேள்வி இதுதான். செல்போன்தான் துணை என்றால் அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கொரோனாவுக்குப் பிறகு 2021இல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது தன்னார்வலர்கள் திண்ணையிலும் மரத்தடியிலும் உட்கார்ந்து பாட்டும் விளையாட்டுமாகச் சொல்லித் தந்தார்களே, அதைக் கோடையில் தெருவுக்குத் தெரு நாமே செய்யலாம். கட்டடம் வேண்டாம், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் உட்கார ஒரு பெரியவர் போதும்.

எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்காரர்கள் பேசி முடிவு செய்துவிட்டோம். திங்களும் செவ்வாயும் அப்பத்தாவின் பல்லாங்குழி. புதன், வியாழன் எதிர்வீட்டு அக்கா துணியில் பை தைக்கக் கற்றுத் தருவார். கடைசி வீட்டு ஓய்வுபெற்ற சார் வெள்ளியும் சனியும் சைக்கிளைக் கழற்றிப் பஞ்சர் ஒட்டக் காட்டுகிறேன் என்றிருக்கிறார். பக்கத்துத் தெருப் பிள்ளைகளையும் அனுப்புங்கள், ஐந்து மணிக்கு எங்கள் வாசலில். வரும்போது ஆளுக்கொரு கை புளியங்கொட்டை கொண்டுவரட்டும். எங்களிடம் ஒரு பலகைக்குத்தான் இருக்கிறது.