மிதிவெடி அகற்றி முடிந்த பிறகு?

2028 யூன் மாதத்துக்குள் இலங்கை மண்ணில் மிதிவெடி இருக்கக் கூடாது. மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் 2017 டிசெம்பரில் இணைந்தபோது நாடு ஏற்றுக்கொண்ட கெடு அது. போர்க்காலத்தில் முன்னரங்காக இருந்த முகமாலைப் பக்கம் போய் வருகிறவர்களுக்குத் தெரியும், மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள் நின்ற காணிகளில் இப்போது வீடுகள் எழும்புகின்றன. சந்தோஷமான விஷயம்தான். என்னுடைய பயம் வேறு. அதே உடன்படிக்கை, பாதிக்கப்பட்டவர்களின் பராமரிப்பு, மறுவாழ்வு பற்றியும் பேசுகிறது. ஆனால் நிலத்தைத் துப்புரவாக்கத்தான் கெடு இருக்கிறது, மனிதர்களுக்கு எந்தக் கெடுவும் இல்லை. நிலம் முடிந்ததும் காசு தருகிற நாடுகள் கோப்பை மூடிவிட்டுப் போய்விடும்.

செயற்கைக் கால் ஒருமுறை கொடுத்தால் முடிகிற விஷயமில்லை. பெரியவர்களுக்குச் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வளர்கிற பிள்ளைக்கு வருஷம் ஒன்றுகூடத் தாங்காது. துண்டித்த இடத்தில் தசை சுருங்கும், செயற்கைக் கால் தளரும், வியர்வையில் உரசிப் புண்ணாகும். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்குகிற ஜெய்ப்பூர் நிறுவனம் செய்தது பெரிய வேலை. ஜெய்ப்பூர் கால் எங்கள் வாழ்க்கைக்குத் தோதானது. வெறுங்காலோடு நடக்கலாம், வயலில் இறங்கலாம், சம்மணம் போட்டு இருக்கலாம். ஆனால் தூர இடத்திலிருந்து பஸ் ஏறி வர ஒருநாள் கூலி போகும், துணைக்கு வருகிறவருடைய கூலியும் போகும். அதனால் பலர் உள்ளே துணியைச் சுற்றிக்கொண்டு பழைய காலோடேயே சமாளிக்கிறார்கள்.

அப்புறம், இல்லாத காலில் வருகிற வலி. முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இருக்காது, ஆனால் பெருவிரல் கடுக்கும். வெளியே சொன்னால் விசர் என்பார்களோ என்று பலர் சொல்வதில்லை. 1990களில் வி.எஸ். ராமச்சந்திரன் (நம்மவர்தான், தமிழ்நாட்டுக்காரர்) ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்தே இந்த வலிக்கு வழி தேடினார். இருக்கிற காலின் பிம்பத்தை இல்லாத காலாக மூளைக்குக் காட்டுவது. எல்லாருக்கும் சரிவராது, சிலருக்கு உதவும். கண்ணாடிக்குச் செலவு பெரிதில்லை. பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்க ஓர் ஆள்தான் வேண்டும். எங்களிடம் இல்லாதது அந்த ஆள்தான்.

2009இல் போர் முடிந்த பிறகு வன்னியில் வீதி போடவும் வீடு கட்டவும் அனுமதி கிடைத்தது. சனத்தின் மனக்காயத்தை ஆற்ற, உளசமூகப் பணி என்று எழுதிக் கொடுத்த திட்டங்கள் இழுபட்டன, மறுக்கப்பட்டன. சனம் வாய்திறந்து பேசினால் என்னென்ன வெளியே வரும் என்ற பயம் அதற்குள் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதே 2009இல் யாழ் மாவட்டத்தில் எடுத்த ஆய்வொன்று 2011இல் அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. போர் வடு நோய் (பட்ட அதிர்ச்சி கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வருவது, PTSD) 7 வீதம், மனச்சோர்வு 22.2 வீதம், பதகளிப்பு (ஓயாத பதற்றம்) 32.6 வீதம். வெடிச்சத்தக் கனவுகளைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். ஆனால் ஆகக்கூடுதலாக இருந்தது பதகளிப்பு. மகன் உயிரோடு இருக்கிறானா, காணி திரும்பி வருமா, கிழமைக் கடன் கொடுத்தவர்கள் வாசலில் வந்து நிற்பார்களே, இதெல்லாம் அதற்குள் இல்லையா? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் வீதியோரம் அமர்ந்த தாய்மாரிடம் போய் மூச்சுப்பயிற்சி சொல்லிக் கொடுத்தால் அவர்களுக்குக் கோபம்தான் வரும். வரவும் வேண்டும்.

உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வருஷக்கணக்காகச் சொல்லி வருவதும் இதுதான். போர் தனி ஆளை மட்டும் உடைக்கவில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே உடைத்தது. எனவே ஊருக்குள் இருந்துதான் தொடங்க வேண்டும். முல்லைத்தீவில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு இரவிரவாகச் சனம் கூடுவதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்ததும் போய்விடுகிற உளவளத்துணையாளரிடம் அது கிடைக்காது. யாராவது தன் கதையைச் சொல்லத் தொடங்கும் நேரம் பார்த்துத் திட்டம் முடியும். அடுத்த திட்டத்தில் புது ஆள் வந்து "முதலில் இருந்து சொல்லுங்கள்" என்பார். இதைவிட ஆரம்பிக்காமலே இருந்திருக்கலாம்.

மிதிவெடி அகற்றுகிறவர்களில் கணிசமானோர் பெண்கள். பலர் போரில் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். வேலை முடிந்தால் அவர்களுடைய சம்பளமும் முடியும். அவர்களில் விருப்பமுள்ளவர்களைப் பயிற்றி, ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் நிரந்தர நியமனம் கொடுத்தால் என்ன? யார் வீட்டில் கால் தளர்ந்து கிடக்கிறது, யார் நாலு நாளாக வெளியே வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். பயிற்சிக்குக் காசு கேட்பதென்றால், தருகிற நாடுகள் மூட்டை கட்ட முதல், இப்போதே கேட்க வேண்டும்.