விளைந்ததை யார் வாங்குவது?

ரெண்டு ஏக்கர் வைத்திருப்பவனால் நாட்டுக்குச் சோறு போட முடியாது, நிலத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பெரிய பண்ணையாக்க வேண்டும் என்று அடிக்கடி யாராவது எழுதுகிறார்கள். உலகில் 2 ஹெக்டேருக்கும் குறைவான பண்ணைகளிடம் இருப்பது விவசாய நிலத்தில் ஏறத்தாழ 12 சதவீதம்தான். உலக உணவில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நிலமே 0.75 ஹெக்டேர், அதாவது ரெண்டு ஏக்கருக்கும் கீழே. இவர்களை விட்டால் இங்கே விவசாயம் செய்ய வேறு யார் இருக்கிறார்கள்?

இயற்கை விவசாயம் பேசும் நண்பர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. நாட்டு விதை, பஞ்சகவ்யம், மூடாக்கு (மண்ணைத் தழை, வைக்கோலால் மூடி வைப்பது) எல்லாம் சரி. விளைந்ததை யார், என்ன விலைக்கு வாங்குவது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. (அவசரப்பட்டாலும் ஆபத்துதான். இலங்கையில் 2021-இல் நாடே இயற்கை விவசாயத்துக்கு மாற வேண்டும் என்று ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள். விளைச்சல் விழுந்தது, அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்கினார்கள்.)

தருமபுரிப் பக்கம் மானாவாரிக் காட்டில் ராகி போடுவார்கள். ஊடே அவரை, மொச்சை. நெல்லுக்கு வேண்டிய தண்ணீரில் சிறு பங்கு போதும், தாள் மாட்டுக்குத் தீவனம். பக்குவமாகக் காயவைத்தால் வருடக்கணக்கில் பூச்சி அண்டாது. இதைவிட நல்ல உணவுப் பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் பலர் ராகியை விட்டார்கள். ரேஷனில் அரிசி கிடைத்தது, சந்தையில் ராகிக்கு விலை கிடைக்கவில்லை, வேறென்ன செய்வார்கள்? ரேஷன் அரிசியை நான் குறை சொல்லவில்லை. பட்டினியை விரட்டியது அதுதான்.

2023-இல் தருமபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தரும் திட்டம் தொடங்கியது. அதற்கான ராகியை அரசு அறிவிக்கும் ஆதரவு விலையில் விவசாயிகளிடமே கொள்முதல் செய்ய ஏற்பாடு. சின்ன விவசாயிக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது என்பேன். சோளத்துக்கும் கம்புக்கும் மற்ற மாவட்டங்களிலும் இதையே செய்யலாமே? பள்ளிச் சத்துணவில் வாரம் ரெண்டு நாள் சேர்த்தால்கூடப் போதும், நிலையான கிராக்கி வந்துவிடும்.

அப்புறம், கொள்முதல் நிலையம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். அஞ்சு மூட்டை வைத்திருப்பவர் வண்டி வாடகை கொடுத்து, ஈரப்பதம் பார்த்து, பணம் வங்கியில் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். வியாபாரியோ களத்துக்கே வந்து கையில் காசு கொடுக்கிறார், குவிண்டாலுக்குச் சில நூறு குறைத்து. அறுவடை மாதத்திலாவது அரசு வண்டியும் தராசும் ஊருக்குள் வர வேண்டும்.