பெரியம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது

என் பெரியம்மாவுக்கு வயது 76. பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ரேஷன் கடையோ பேங்கோ, எங்கே போனாலும் இடது கைப் பெருவிரல்தான். ஆனால் தன் நிலத்தை விற்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுத்து அவர் எழுதியதாக 2019இல் பதிவான பவர் பத்திரத்தில் பக்கத்துக்குப் பக்கம் கொம்பு, சுழி எதுவும் பிசகாமல் கையெழுத்து இருக்கிறது. எனக்கே அவ்வளவு அழகாக வராது.

அந்தப் பவரை வைத்து 42 சென்ட் நிலத்தை இரண்டே மாதத்தில் ஒருவருக்குக் கிரயம் செய்து, அவர் இன்னொருவருக்கு விற்று, எல்லாம் முடிந்து நாலு வருஷம் கழித்து, தங்கை கல்யாணக் கடனுக்காக வில்லங்கம் போட்டுப் பார்த்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. பெரியப்பா கிணறு வெட்டிப் பாடுபட்ட நிலம். நாற்கரச் சாலை பக்கத்தில் வரும்வரை அதைச் சீந்த ஆளில்லை.

ஸ்டேஷனுக்குப் போனோம். "இது சிவில் மேட்டர், கோர்ட்ல பாத்துக்கோங்க." புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கவே மூன்று நடை. சரி, சிவில் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் எதற்கு இரண்டு தரப்பையும் வரச்சொல்லி, "வயசான காலத்துல ஏன்மா அலையுறீங்க, ஒரு தொகைய வாங்கிட்டு முடிச்சுக்கோங்க" என்று பேசினார்கள்? வழக்குப் பதிய மட்டும் சிவில், பஞ்சாயத்துப் பேச மட்டும் போலீஸா?

நிலம் யாருக்குச் சொந்தம் என்று நாங்கள் போலீஸைக் கேட்கவில்லை. அதற்குத் தனியாகத் தாவா போட்டிருக்கிறோம், நடக்கிறபடி நடக்கட்டும். போலீஸிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அன்றைக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கைரேகைப் பதிவேட்டில் விரல் வைத்த பெண் யார்? பெரியம்மாவின் ரேகையையும் அதையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேர் முகவரியோடு இருக்கிறார்கள், பத்திரம் எழுதியவர் இருக்கிறார். கூப்பிட்டு விசாரிக்கத்தான் ஆளில்லை.

2019 பத்திரம் என்பதால் இதற்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான். மதிப்புள்ள ஆவணத்தைப் போலியாகத் தயாரித்தால் பிரிவு 467, ஆயுள் தண்டனை வரை போகலாம். ஏமாற்றுவதற்காகப் போலி ஆவணம் தயாரிப்பது (468) போல, போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013லேயே சொல்லிவிட்டது. எங்கள் ஸ்டேஷனுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை போல.

பதிவுத்துறையிலேயே ரத்து செய்யலாமே என்று சிலர் கேட்டார்கள். போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய 2022இல் பதிவுச் சட்டத்தில் 77-ஏ என்று ஒரு பிரிவு கொண்டுவந்தார்கள். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம், எனக்குத் தெரிந்த வக்கீலும் அப்படித்தான் சொன்னார். எங்களுக்கு ஒரு கதவு அடைபட்டது, அவ்வளவுதான்.

எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பினோம். அதை விசாரிக்கச் சொல்லி அதே ஸ்டேஷனுக்கே அனுப்பி வைத்தார்கள். அடுத்து, போலீஸை விசாரிக்கச் சொல்லி உத்தரவு கேட்டு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 175(3)இன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம், போகத்தான் போகிறோம். ஆனால் அந்த உத்தரவும் சுற்றிவிட்டு வந்து நிற்பது பெரும்பாலும் அதே இன்ஸ்பெக்டர் மேசையில்தான். எங்களைத் தொகை வாங்கச் சொன்ன அதே மேசை. அதனால்தான் மாவட்டக் குற்றப்பிரிவோ சி.பி.சி.ஐ.டி.யோ, இந்த ஸ்டேஷனோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத யாராவது விசாரிக்கட்டும் என்கிறோம். கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனு. அவர்கள் விசாரித்து, விரல் வைத்தது பெரியம்மாதான் என்று வந்தால் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம், எழுதியே தருகிறேன்.

இது மாதிரி வழக்கை ஸ்டேஷனிலிருந்து குற்றப்பிரிவுக்கு மாற்றி வாங்கியவர்கள் இருந்தால், எந்தக் கட்டத்தில் எப்படி மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். அந்தக் கைரேகைப் பதிவேட்டை இப்போதே பத்திரப்படுத்தச் சொல்லி உத்தரவு வாங்க முடியுமா என்பதையும். எனக்கு இப்போது பெரிய பயமே பதிவேட்டின் அந்த ஒரு பக்கம் காணாமல் போய்விடுமோ என்பதுதான்.