முதல்ல காசு எங்கே இருந்து வருதுன்னு பாருங்க, யூனிவர்சிட்டி அப்புறம்

பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கம் இப்போ தெருவுக்குத் தெரு வெளிநாட்டுப் படிப்புக்கான கன்சல்டன்சி போர்டு. "50 சதவீத ஸ்காலர்ஷிப் உறுதி"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பாங்க. அதுல பாதிக்கு மேல ஆடித் தள்ளுபடி கதைதான். 24,000 பவுண்டு ஃபீஸ்ல பாதி குறைச்சாலும் மீதி 12,000 பவுண்டு, வாடகை, சாப்பாடு, விசா, டிக்கெட் எல்லாம் உங்க தலையில. அங்கே உக்காந்ததும் ஒரே கேள்வி கேளுங்க: "கழிவு எல்லாம் போக முதல் வருஷம் நான் கட்ட வேண்டிய மொத்தம் எவ்வளவு?" எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க.

நம்ம பிள்ளைங்க பெரும்பாலும் வரிசையை மாத்திப் பண்றாங்க. முதல்ல ஐஇஎல்டிஎஸ்ங்கிற இங்கிலீஷ் பரீட்சை, அப்புறம் அட்மிஷன், கடைசியில காசு. ஆனா எந்த யூனிவர்சிட்டி, எந்த மாசம், எந்தப் பேப்பர்னு தீர்மானிக்கிறது பணம் கொடுக்கிறவங்க விதிதான். அதனால அங்கே இருந்து தொடங்குங்க.

ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கு மத்திய அரசோட தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை இருக்கு. மொத்தம் 125 இடம், அதுல பட்டியல் இனத்தவருக்கு 115. முதுகலை, பிஎச்டிக்கு மட்டும். வயசு 35க்குக் கீழே, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ள, தகுதிப் படிப்புல 60 சதவீதம். சேரப் போற யூனிவர்சிட்டி, உலக யூனிவர்சிட்டிகளை வரிசைப்படுத்துற க்யூஎஸ் ரேங்க்ல முதல் 500க்குள்ள இருக்கணும். ட்யூஷன் ஃபீஸ் போக, வாழ்க்கைச் செலவுக்கு வருஷத்துக்கு பிரிட்டன்னா 9,900 பவுண்டு, அமெரிக்கா முதலான நாடுகளுக்கு 15,400 டாலர். ரேங்க் உசந்த யூனிவர்சிட்டிக்குத்தான் முன்னுரிமை. அதனால 480வது இடத்துல இருக்கிற யூனிவர்சிட்டி ஆஃபரை மட்டும் நம்பி உக்காராதீங்க.

நிறைய பேர் சறுக்குற இடம் நிபந்தனை இல்லாத ஆஃபர் லெட்டர். கடைசி செமஸ்டர் மார்க் ஷீட்டும் ப்ரொவிஷனல் சர்டிஃபிகேட்டும் கைக்கு வராத வரைக்கும் யூனிவர்சிட்டி கொடுக்கிறது நிபந்தனையோட இருக்கிற ஆஃபர். அது இந்த மத்திய அரசு உதவித்தொகைக்குச் செல்லாது. டிகிரி முடிச்ச கையோட ஓடுறதைவிட ஒரு வருஷம் வேலை பார்த்துக்கிட்டே விண்ணப்பிக்கிறது புத்திசாலித்தனம். தமிழ்நாடு அரசோட அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்துல ஆண்டுக்கு 36 லட்சம் வரை உதவி இருக்கு. அதையும் சேர்த்தே பாருங்க.

காசிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்ல வரும், அதனால இந்த ரெண்டும் கிடையாது. அவங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தோட எராஸ்மஸ் முண்டுஸ் ஸ்காலர்ஷிப் நல்ல வழி: சாதி, வருமானம் கேக்காது, ஃபீஸ் கிடையாது, மாசம் 1,400 யூரோ. பெரும்பாலான கோர்ஸுக்கு டிசம்பர், ஜனவரியிலேயே கதவு மூடிடும். பிரிட்டன் அரசோட செவனிங் ஸ்காலர்ஷிப்புக்கு ரெண்டு வருஷ வேலை அனுபவம், அதாவது 2,800 மணி நேரம் வேணும். படிச்சு முடிச்சுட்டுத் திரும்பி வந்து ரெண்டு வருஷம் நம்ம நாட்டுல இருக்கணும்.

"ஜெர்மனியில படிப்பு ஃப்ரீ"ங்கிறது முக்கால் உண்மை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வர்றவங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஸ்காலர்ஷிப் இல்லாதவங்க, மாசம் ஒரு அளவு மட்டும் எடுக்க விடுற பிளாக்டு அக்கவுண்ட்ல 11,904 யூரோ காட்டணும். சுமார் 12 லட்சம். மாசம் 992 யூரோவா உங்களுக்கே திரும்பி வரும், ஆனா முதல்ல புரட்டியாகணுமே. 2022 நவம்பர்ல இருந்து, நம்ம படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துக் கொடுக்கிற ஏபிஎஸ் சான்றிதழும் கட்டாயம்.

மார்க்கைவிட ஆளைக் கவுக்கிறது பேப்பர். மார்க் ஷீட்ல இனிஷியலோட பேர், பாஸ்போர்ட்ல அப்பா பேர் சர்நேமா. அதைச் சரி பண்ணாம விட்டா ஒவ்வொரு கவுண்டர்லயும் ஒரு அஃபிடவிட். சர்நேம் கட்டம் காலியா இருந்தா அமெரிக்க விசாவுல பேருக்கு முன்னாடி எஃப்என்யூன்னு (முதல் பேர் தெரியலைன்னு அர்த்தம்) விழும். வருமானச் சான்று இ-சேவையில எடுக்கிறப்போ தேதியைப் பாருங்க, பழசு செல்லாது. மெட்ராஸ் யூனிவர்சிட்டி டிரான்ஸ்கிரிப்டுக்கு (எல்லா செமஸ்டர் மார்க்கும் சேர்ந்த பட்டியல்) சேப்பாக்கம் நடையை முன்கூட்டியே முடிச்சுடுங்க. சிபாரிசுக் கடிதத்துக்கு "நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடறேன்"னு பேராசிரியர் சொல்வார். ரெண்டு கடிதமும் ஒரே நடையில இருந்தா மாட்டிக்குவீங்க. முடிஞ்சவரைக்கும் காலேஜ் ஈமெயில்ல இருந்து போகட்டும், ஜிமெயில்னா சந்தேகப்படுவாங்க.

கடன்னா, அரசு வங்கிகளோட பொதுவான கல்விக் கடன் திட்டத்துல ஏழரை லட்சத்துக்கு மேல பொதுவா சொத்து ஈடு கேப்பாங்க. நம்ம ஏரியாவுல இங்கேதான் சிக்கல். ஹவுசிங் போர்டு வீட்டுக்கு ஒதுக்கீட்டு ஆணை இருக்கும், கிரயப் பத்திரம் இருக்காது. வங்கி அதை ஈடா எடுக்காது. பாக்கித் தவணை இருந்தா கட்டி, பத்திரத்துக்கு இப்பவே மனு போடுங்க. பிள்ளை மூணாம் வருஷம் படிக்கிறப்போ தொடங்கினாத்தான் கைக்கு வரும். அதுக்குப் பதிலா வட்டிக்கு வாங்கி அக்கவுண்ட்ல "ஷோ மணி" காட்டுங்கன்னு ஏஜென்ட் சொன்னா எழுந்து வந்துடுங்க. பிரிட்டன் விசாவுக்கு அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்குல இருக்கணும். நடுவுல ஒரு நாள் குறைஞ்சாலும் விசா போச்சு, வட்டி மட்டும் நிக்கும்.