மாத்திரையைக் கேட்காமல் சாறு கொடுக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை திருமண வரவேற்பில், எடை குறைக்க ஏழு நாள் சாறு மட்டும் குடிக்கும் சவாலில் சேர்ந்திருந்த நம் தோழி ஒருத்தி மயங்கி விழுந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அவள் பெயரை எழுத மாட்டேன். இப்போது நலமாக இருக்கிறாள், அது போதும். எனக்குப் பொறுக்காதது அதற்குப் பிறகு நம் பள்ளித் தோழர்களின் செய்திக் குழுவில் நடந்தது. "முறையாகக் கடைப்பிடித்திருந்தால் இப்படி ஆகியிருக்காது, இடையில் எதையாவது சாப்பிட்டிருப்பாள்" என்று அந்தச் சவாலை நடத்துகிறவர் எழுதினார். உடனே வரிசையாகக் கைகூப்பல்கள். நான் கேட்ட ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் இன்றுவரை பதில் வரவில்லை. சேரும்போது "என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்?" என்று அவளிடம் யாராவது கேட்டீர்களா?

கேட்கவில்லை. அவள் பல ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவள். சோற்றையும் உப்பையும் திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாட்களிலேயே உடலிலிருந்து நிறைய நீர் வெளியேறும், அழுத்தம் தானாகவே இறங்கும். அதற்கு மேல் அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையையும் வழக்கம்போல் விழுங்கிவிட்டு, மணமக்களுக்குப் பரிசு கொடுக்கும் வரிசையில் அரை மணி நேரம் நின்றால் கண் இருட்டாமல் என்ன செய்யும்? இதில் அவள் செய்த தவறு எங்கே இருக்கிறது?

"திரவ உணவே தவறு என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சைக்கு முன்பு கல்லீரல் சுருங்குவதற்காக மருத்துவர்களே இரண்டு வாரம் போலத் திரவ உணவு கொடுக்கிறார்கள். பிரிட்டனில் 306 சர்க்கரை நோயாளிகளை வைத்து நடத்திய டைரக்ட் (DiRECT) என்ற ஆய்வின் முடிவுகள் 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. அவர்களில் பாதிப் பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி கொண்ட சத்துப் பானம் மட்டுமே உணவு. ஓராண்டு முடிவில் அந்தப் பிரிவில் 46 சதவீதம் பேர் மாத்திரையே இல்லாமல் சர்க்கரை நோயின் வரம்புக்குக் கீழே வந்திருந்தார்கள். சாதாரண விஷயமா இது? இதைத்தான் நம் குழுவில் ஆதாரமாகப் பரப்புகிறீர்கள்.

ஆனால் அதே ஆய்வில் முதல் நாள் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரை, அழுத்த மாத்திரை இரண்டையும் நிறுத்திவிட்டுத்தான் பானத்தையே கையில் கொடுத்தார்கள். இன்சுலின் போடுபவர்களைச் சேர்க்கவே இல்லை. அந்தப் பானத்தில் புரதமும் உயிர்ச்சத்தும் தாது உப்புகளும் அளந்து கலந்திருந்தன. பிறகு படிப்படியாகச் சாப்பாட்டுக்குத் திரும்ப வைத்தார்கள், அதற்குப் பிறகும் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்கள். நீங்கள் கொடுப்பது வெள்ளரிக்காய், புதினா, எலுமிச்சைச் சாறு. மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எட்டாம் நாள் என்ன சாப்பிட வேண்டும் என்றும் கிடையாது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறவர்களுக்கு என் அத்தையைப் பற்றிச் சொல்கிறேன். கும்பகோணத்தில் இருந்தார். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு என்ற மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் யாரோ சொன்னார்கள் என்று காலையிலும் இரவிலும் இட்லியை விட்டுவிட்டுச் சாறு மட்டும் குடிக்கத் தொடங்கினார். மாத்திரையை நிறுத்தவில்லை, நிறுத்த வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? அந்த மாத்திரை, சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது. கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும், சாப்பிடாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். ஒரு விடியற்காலையில் அம்மா எழுப்பினால் அத்தை எழவில்லை. புடவை முழுவதும் வியர்வையில் நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆள் அடையாளம் தெரியவில்லை. அம்மா தேனை விரலில் தொட்டு ஈறில் தடவிக்கொண்டே ஆட்டோவுக்குக் கத்தினார். சமையல் மேடையில் வடிகட்டி அப்படியே கிடந்தது, பச்சைச் சக்கை காய்ந்து ஒட்டியிருந்தது.

அத்தை பிழைத்தார். இதை நம் குழுவில் எழுதியபோது "எல்லாவற்றையும் எதிர்மறையாகவே பார்க்காதே" என்று பதில் வந்தது. இன்னொருவர் "உன்னால் எடை குறைக்க முடியவில்லை, அதனால் பொறாமை" என்றார். இருபது வருடம் ஒரே பெஞ்சுத் தோழமை என்று பேசுகிறவர்கள் சொன்ன சொல் அது. வலித்தது.

"நம் முன்னோர் விரதம் இருக்கவில்லையா?" என்கிறீர்கள். இருந்தார்கள். என் பாட்டி கந்த சஷ்டி ஆறு நாளும் பாலும் பழமுமாகவே இருப்பார். ஆனால் நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் விரதம் இருக்கச் சொல்லி அந்த வீட்டில் யாரும் வற்புறுத்தியதில்லை. ரமலான் நோன்பிலும் நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. முன்னோரை இழுக்கிறவர்கள் முன்னோருக்கு இருந்த அந்த விவேகத்தையும் சேர்த்து இழுக்கட்டும்.

"இயற்கைப் பொருள்தானே, என்ன செய்துவிடும்?" என்பது அடுத்தது. 2010-இல் டெல்லியில் ஓர் அறிவியலாளர் சுரைக்காயும் பாகற்காயும் கலந்த சாறு குடித்து இறந்தார். கசக்கும் சுரைக்காயில் குக்குர்பிட்டசின் என்ற நச்சு இருக்கிறது. கசந்தால் அந்தச் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் நிபுணர் குழு சொன்னது. கேரளத்தில் கொழுப்பைக் குறைக்க இரும்பன் புளி என்ற புளிப்புக் காயின் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் பழுதாகி மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி அங்குள்ள மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். அதில் இருக்கும் ஆக்சலேட் என்ற வேதிப்பொருள்தான் காரணம். எல்லாம் தோட்டத்தில் காய்ப்பவைதான்.

உடலில் நச்சு சேர்ந்திருக்கிறது, சாறு அதைக் கழுவும் என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. கல்லீரலும் சிறுநீரகமும் எதற்கு இருக்கின்றன என்று பள்ளியில் நாம் எல்லோரும் ஒன்றாகத்தானே படித்தோம்?

"எனக்கு நான்கு கிலோ குறைந்ததே" என்பவர்களுக்கு: குறைந்தது உண்மை. கல்லீரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. முதல் வாரம் இறங்கும் எடையில் பெரும்பகுதி அந்த நீர். சோறு சாப்பிட்டதும் திரும்பி வரும். மருத்துவரே கூட இருந்து மாதக்கணக்கில் செய்தாலும் திரும்பும் வழி சுலபமில்லை. 1988-இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே திரவ உணவால் 67 பவுண்டு குறைத்துவிட்டு, அந்த அளவு கொழுப்பை ஒரு தள்ளுவண்டியில் வைத்துத் தொலைக்காட்சி மேடைக்கு இழுத்து வந்தார். குறைந்த எடை மீண்டும் ஏறியது என்று பிற்பாடு அவரே சொன்னார்.

இதையெல்லாம் எழுதுகிறேனே, அவள் ஏன் சேர்ந்தாள் என்பதை யாராவது யோசித்தீர்களா? ஜனவரியில் நாம் கூடியபோது எடுத்த படத்தில் அவளைக் காட்டி ஒருவர் "ரெண்டு பேர் இடத்தை அடைத்துவிட்டாள்" என்று எழுதினார். எத்தனை பேர் சிரித்தீர்கள்! மூன்று பிள்ளைகளைப் பெற்று, மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்து, வேலைக்கும் போய்வந்த உடம்பு அது. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பிறகு அதைக் குறைப்பதற்குக் கட்டணமும் வாங்கிவிட்டு, மயங்கி விழுந்ததும் பழியையும் அவள் மேலேயே போடுகிறீர்கள். சாறு கெட்டதா நல்லதா என்பதெல்லாம் அப்புறம். இதை முதலில் எப்படிச் செய்ய மனம் வந்தது?

திங்கட்கிழமை அடுத்த சவால் தொடங்குகிறதாம். சேரும் படிவத்தைப் பார்த்தேன். பெயர், உயரம், எடை, அடைய வேண்டிய எடை, பணம் கட்டிய விவரம். இவ்வளவுதான். மாத்திரைக்கு ஒரு வரி சேருங்கள் என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். சர்க்கரைக்கோ அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடும் யாராவது ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், தொடங்குவதற்கு முன் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், நான் கூட வருகிறேன்.