கப்பல்ல ஆள் காணாம போனா மொத கேள்வி "எப்போ"ன்னு இருக்கணும்

சொகுசுக் கப்பல்ல போன ஒருத்தர நடுக்கடல்ல காணோம்னு ஒரு செய்தி வந்தா போதும், கீழ கமெண்ட்ல முக்கால்வாசிப் பேர் எழுதறது ஒரே மாதிரிதான் இருக்கு. குடிச்சிட்டு விழுந்திருப்பான், செல்ஃபி எடுக்க கம்பில ஏறியிருப்பான், புருஷன் பொண்டாட்டி சண்டையா இருக்கும், தானா குதிச்சிருப்பா. இதப் படிக்கறப்போ எனக்கு வயிறு எரியுது. அந்த நேரம் அவர இன்னும் கடல்ல தேடிக்கிட்டுதான் இருப்பாங்க, அவங்க வீட்டுல யாரோ போனை கையிலயே வச்சுக்கிட்டு சோறு தண்ணி இல்லாம உக்காந்திருப்பாங்க, அதுக்குள்ள நாம இங்க தீர்ப்பு எழுதி முடிச்சிடறோம்.

எப்படி விழுந்தார்ங்கறது அப்புறம் பாத்துக்கலாம். எப்போ விழுந்தார், கப்பல்காரங்களுக்கு அது எப்போ தெரிஞ்சுது, நடுவுல எவ்வளவு நேரம் வீணாப் போச்சு, இதத்தான் மொதல்ல கேக்கணும், ஏன்னா உயிர் இருக்கறது அந்த இடைவெளிலதான்.

கணக்கு போட்டுப் பாருங்க. இந்த மாதிரி கப்பல் சாதாரணமா 20 நாட் வேகத்துல போகும், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர், நிமிஷத்துக்கு 600 மீட்டர். ராத்திரி 11 மணிக்கு ஒருத்தர் விழுந்து, காலைல 7 மணிக்கு ரூம்ல ஆளக் காணோம்னு தெரிஞ்சா, அதுக்குள்ள கப்பல் 300 கிலோமீட்டர் கிட்ட போயிருக்கும். நம்ம கடலூருக்கு நேரா விழுந்தவர்னு வச்சுக்கோங்க, கப்பல் சென்னையத் தாண்டி ஆந்திராக் கடல்ல போயிட்டிருக்கும். எங்கன்னு போய் தேடுவாங்க? இதே, விழுந்த உடனே தெரிஞ்சா கதையே வேற. லைட்டு வச்ச மிதவைய தூக்கிப் போடலாம், ஒருத்தர் கண்ண எடுக்காம அந்த எடத்தையே காட்டிட்டு நிக்கலாம், ஹாரன் மூணு தடவ நீளமா அடிச்சு, வந்த தடத்துலயே கப்பல திருப்பிக் கொண்டு வரலாம். அதுக்குன்னே வில்லியம்சன் டர்ன்னு ஒரு முறை இருக்கு, இருட்டுல கூட கப்பல் தான் வந்த வழிக்கே திரும்பற மாதிரி, மாலுமிங்க எல்லாரும் படிச்சதுதான். படிச்சு என்ன, ஆள் விழுந்ததே தெரியலன்னா யாரு திருப்பறது.

நான் கடலூர் முதுநகர்ல பொறந்து வளர்ந்தவ. சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு, தேவனாம்பட்டினம் எல்லாம் பாத்துப் பழகின ஊருங்க. பைபர் போட்ல நாலஞ்சு பேருதான் போவாங்க, இருட்டுல ஒருத்தர் சறுக்கி விழுந்தது கண்ணுக்குத் தெரியாட்டி கூட வலை இழுக்கறப்போ ஒரு கை குறையும், உடனே தெரிஞ்சிடும். அடுத்த நிமிஷம் பக்கத்து போட்டுக்கு சத்தம் போயிடும், கரைக்கு தகவல் வரும், ஊர்ல மைக்குல சொல்லுவாங்க, அன்னிக்கு ஒருத்தரும் தொழிலுக்குப் போகாம இருக்கற போட்டெல்லாம் தேடத்தான் போகும். டீசல் காசு யாருதுன்னு அப்போ யாரும் கேக்க மாட்டாங்க. எங்க பக்கம் எல்லாம் சரியா நடக்குதுன்னு நான் சொல்லல, லைஃப் ஜாக்கெட்டு போடாம போய் செத்தவங்க இங்க எத்தனையோ பேர். ஆனா ஆள எண்ணிப் பாக்கற பழக்கம் இருக்கு. ஆயிரக்கணக்குல ஜனம் ஏறற, பார்லயும் கடையிலயும் வராண்டாவுலயும் கேமரா வச்சிருக்கற கப்பல்ல அது ஏன் இல்லன்னுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

என் தம்பி ஒரு சொகுசுக் கப்பல்ல ஹவுஸ்கீப்பிங் வேல பாக்கறான். அவன்ட்ட இதப்பத்தி ரொம்ப நேரம் பேசினேன். "அக்கா, மொதல்ல எங்களுக்குத்தான் தெரியும்"னான். காலைல ரூமுக்குள்ள போனா பெட்ஷீட் நேத்து அவன் இழுத்துச் சொருகின மடிப்பு கலையாம அப்படியே இருக்கும், டவல் ஈரமே ஆகாம மடிச்சபடி தொங்கும், பாத்ரூம்ல சோப்பு கவரு பிரிக்காம கெடக்கும். சில பேர் வேற ரூம்ல ஃப்ரெண்ட்ஸோட தங்கிடுவாங்க, அதனால ஒரு நாள் அப்படி இருந்தா பெருசா எடுத்துக்க முடியாது, ஆனா மேல சொல்லியே ஆகணும்னான். மேல சொன்னதுக்கு அப்புறம் மேல இருக்கறவர் என்ன பண்றாருங்கறது அவன் கையில இல்ல. இன்னொண்ணும் சொன்னான். கதவத் திறக்கறது, ஜூஸ் வாங்கறது, துறைமுகத்துல இறங்கி ஏறறது எல்லாத்துக்கும் ஒரே கார்டுதான், அதுல நேரம் பதிவாகுது. அப்போ ஒருத்தர் கடைசியா எப்போ கதவத் திறந்தார்னு கம்ப்யூட்டர்ல இருக்கு, கேக்கத்தான் ஆளில்ல.

மேல சொல்லியும் நடக்காம போனதுக்கு 2004ல நடந்ததே சாட்சி. அமெரிக்காவுலேர்ந்து அலாஸ்கா பக்கம் போன கப்பல்ல ஒரு பொண்ணு ரெண்டாவது நாளுக்கு அப்புறம் ரூமுக்கே வரல. ரூம் பாய் தெனமும் தன் சூப்பர்வைசர்ட்ட சொல்லியிருக்கார், நீ உன் வேலையப் பாருன்னு பதில் வந்திருக்கு. பயணம் முடிஞ்சு எல்லாரும் இறங்கிப் போயிட்டாங்க, அந்தப் பொண்ணோட சாமான மூட்டை கட்டி எடுத்து வச்சிருக்காங்க, போலீசுக்கும் சொல்லல வீட்டுக்கும் சொல்லல. அவங்க அப்பாவேதான் துப்பறியறவங்கள வச்சு, கேஸ் போட்டு, ஒவ்வொண்ணா வெளிய கொண்டு வந்தார். அப்புறம் இதே மாதிரி ஆளத் தொலைச்ச குடும்பங்களோட சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சு, அவங்க எல்லாம் போராடித்தான் 2010ல அமெரிக்காவுல கப்பல் பயணிகள் பாதுகாப்புக்குன்னு ஒரு சட்டமே வந்துச்சு. கைப்பிடிக் கம்பி 42 அங்குலத்துக்குக் கொறையக் கூடாது, அமெரிக்கர் யாராவது காணாம போனா எஃப்பிஐக்கு உடனே சொல்லணும், ஆள் விழுந்தா கண்டுபிடிக்கற கருவி வேணும்னு எல்லாம் அதுல இருக்கு. ஆனா அந்தக் கருவி விஷயத்துல மட்டும் "தொழில்நுட்பம் கிடைக்கிற அளவுக்கு"ன்னு ஒரு வரிய சேத்துட்டாங்க. அந்த ஒரு வரியப் புடிச்சுக்கிட்டு, இன்னும் சரியா வரல, பறவை பறந்தா அலாரம் அடிக்குது, அலை தெறிச்சா அடிக்குது, யாராவது டவல தூக்கிப் போட்டா அடிக்குதுன்னு கப்பல் கம்பெனிங்க வருஷக்கணக்கா இழுத்தடிச்சாங்க.

பொய் அலாரம் வரும், நான் இல்லேங்கல. உடம்புச் சூட்ட வச்சு ஆளக் காட்டற தெர்மல் கேமராவும் ரேடாரும் சேத்து வச்சு அதக் குறைக்க வழி இருக்கு, இந்தக் கருவி எப்படி இருக்கணும்னு 2020ல சர்வதேச தரமே, ஐஎஸ்ஓ 21195ன்னு, போட்டாச்சு. 2023 ஜூலைக் கடைசில பினாங்குலேர்ந்து சிங்கப்பூர் திரும்பிட்டிருந்த கப்பல்ல ஒரு இந்தியத் தாய் விழுந்தப்போ அந்த அலாரம்தான் அடிச்சுது. ஆனா அங்கயும் வீடியோவக் காட்டுங்கன்னு அவங்க மகன் ட்விட்டர்ல கெஞ்ச வேண்டியதாப் போச்சு. அப்புறம் அந்தக் காட்சியப் பாத்துட்டு, அம்மா இல்லன்னு அவரே எழுதினார். வேலை செய்யற கருவி இருந்தாலும் குடும்பத்துக்குத் தகவல் தரணும்னு யாருக்கும் தோணல பாருங்க.

விழுந்தா அவ்ளோதான், பொழைக்க வாய்ப்பே இல்லன்னு சொல்றவங்களுக்கு ரெண்டு விஷயம். 2018 ஆகஸ்ட்ல குரோஷியா பக்கம் ஒரு இங்கிலாந்துப் பொண்ணு ராத்திரி விழுந்து, பத்து மணி நேரம் மிதந்து, காலைல உயிரோட கிடைச்சாங்க. கேமராவப் பாத்து விழுந்த நேரத்தத் துல்லியமா சொன்னதுனாலதான் தேட வேண்டிய இடம் சுருங்குச்சு. 2022 நவம்பர்ல மெக்சிகோ வளைகுடாவுல ஒரு பையன், 15 மணி நேரத்துக்கு மேல தண்ணில கெடந்து, மறுநாள் ராத்திரி ஒரு சரக்குக் கப்பல் கண்ணுல பட்டு, ஹெலிகாப்டர்ல தூக்கினாங்க. அவரக் காணோம்னு சொன்னது கூட கப்பல் இல்ல, கூட வந்த சகோதரிதான். நம்ம வங்கக் கடல் அலாஸ்கா மாதிரி வெறைக்கற கடலும் இல்ல. அவ்ளோ உயரத்துலேர்ந்து விழறதுல அடி படாம இருந்தா ரொம்ப நேரம் தாக்குப் பிடிக்கலாம். தானா குதிச்சவராவே இருக்கட்டும், தண்ணில விழுந்ததுக்கு அப்புறம் மனசு மாறி கையத் தூக்கிக் கத்தியிருக்கலாம் இல்லையா, அவரையும் தேடித்தானே ஆகணும்.

இப்ப இத ஏன் எழுதறேன்னா, கப்பல் நம்ம வாசலுக்கே வந்தாச்சு. 2022 ஜூன்ல சென்னைலேர்ந்து கிளம்பின கார்டிலியா கப்பல, சூதாட்டம் இருக்குன்னு புதுச்சேரிக்குள்ள விடல. 2025 ஜூலைல வந்துச்சு, கப்பல் ஆழத்துலயே நிக்க, சனங்கள சின்னப் போட்ல ஏத்தி கரைக்குக் கூட்டிட்டு வந்தாங்க. ரெண்டு தடவையும் நாம கேசினோ பத்தியும் குடி பத்தியும் கலாச்சாரம் பத்தியும்தான் சண்டை போட்டோம். ஒருத்தர் விழுந்தா யாரு தேடுவாங்க, எவ்வளவு நேரத்துல தெரியும்னு, நான் பாத்த வரைக்கும், எந்தக் கட்சி மேடையிலயும் யாரும் கேக்கல. 2024 செப்டம்பர்ல ஒன்றிய அரசு குரூஸ் பாரத் மிஷன்னு ஆரம்பிச்சு 2029க்குள்ள பயணிகள ரெண்டு மடங்கு ஆக்கப் போறோம்னு சொல்லியிருக்கு. நல்லது, வரட்டும், ஆட்டோக்காரங்களுக்கும் கடைக்காரங்களுக்கும் பொழப்பு நடக்கட்டும், நான் எதிரி இல்ல.

ஆனா சட்டம் எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க. கரையிலேர்ந்து 12 கடல் மைல்தான் நம்ம எல்லை. அதைத் தாண்டி தூரக் கடலுக்குப் போயிட்டா கப்பல்ல எந்த நாட்டுக் கொடி பறக்குதோ அந்த நாட்டுச் சட்டம்தான், பல கப்பலுங்க பனாமா, பஹாமாஸ் கொடியோடதான் சுத்துது. கடலூர்க்காரர் ஒருத்தர் காணாம போனா அவர் பொண்டாட்டி எந்த ஸ்டேஷன்ல போய் நிப்பாங்க? உடம்பு கிடைக்கலன்னா நம்ம சாட்சியச் சட்டப்படி 7 வருஷம் தகவலே இல்லன்னாதான் இறந்ததா எடுத்துப்பாங்க. அந்த 7 வருஷம் எப்படி இருக்கும்னு எங்க தெருவுல ஒரு அக்காவப் பாத்திருக்கேன். புருஷன் லாஞ்சில போய் திரும்பல. ரேஷன் கார்டுல அவர் பேர எடுக்கவும் முடியல, பேங்க்ல அவர் கணக்கத் தொடவும் முடியல, விதவை பென்ஷனுக்குப் போனா சர்டிபிகேட் கேக்கறாங்க, மஞ்சக் கயிறக் கழட்டலாமா கூடாதான்னு சொந்தக்காரங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒரு ஆபீஸ்ல, "ஆளு ஓடிப் போயிருக்கலாமே"ன்னு அவங்க மூஞ்சிக்கு நேராவே கேட்டிருக்காங்க. ஒக்கி புயல் அப்போ அந்த 7 வருஷ விதியத் தளர்த்தி அரசு நிவாரணம் கொடுத்துச்சு, அப்போ மனசு வச்சா முடியும்தானே.

அதனால என் கோரிக்க இதுதான். புதுச்சேரியிலயோ சென்னையிலயோ ஆள ஏத்தற எந்தக் கப்பலா இருந்தாலும், ஆள் விழுந்தா அடிக்கற அலாரம் இருக்கணும், அனுமதி கொடுக்கறப்பவே அதச் சோதிச்சுப் பாக்கணும். ரூம் பாய் சொன்னா ஒரு மணி நேரத்துக்குள்ள கார்டு பதிவப் பாத்தே ஆகணும்னு எழுதி வைக்கணும். காணோம்னு தெரிஞ்ச உடனே கோஸ்ட் கார்டுக்கு, அதாவது கடலோரக் காவல் படைக்குச் சொல்லணும், கப்பல் முழுக்க தேடி முடிக்கற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. கேமரா பதிவு குடும்பத்தோட உரிமைன்னு சட்டத்துலயே வரணும், யாரும் ட்விட்டர்ல கெஞ்சக் கூடாது. புதுச்சேரி சட்டசபைல ஒரே ஒரு எம்எல்ஏ இதக் கேள்வியா எழுதிக் கொடுத்தாலும் நான் அவர் கட்சி பாக்காம நன்றி சொல்லுவேன்.

கப்பல்ல போகப் போறவங்களுக்கு ஒண்ணு. கூட வந்தவங்க சொன்ன நேரத்துக்கு வரலன்னா கூச்சப்படாம உடனே ரிசப்ஷன்ல போய், கடைசியா கார்டு எப்போ எங்க போட்டாங்கன்னு பாத்துச் சொல்லுங்கன்னு கேளுங்க, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் சரி. கரையில இருக்கற வீட்டுக்காரங்க கப்பல் கம்பெனி திருப்பிக் கூப்பிடும்னு காத்திருக்காதீங்க, கோஸ்ட் கார்டு நம்பர் 1554, கடலோரப் போலீஸ் 1093, ரெண்டுக்கும் நீங்களே அடிங்க.